லெவல் சுற்று மூடாமல் போனது: கோளாறு ஸ்டாஃபில் (அளவுகோலில்) இருந்தது

செங்குத்தான பாதையில் ஏறி, சரிவு குறைந்த பாதையில் இறங்கி, கிளம்பிய பெஞ்ச் மார்க்கிலேயே (உயரம் தெரிந்த நிலையான புள்ளி) முடியும் 1 கி.மீ. உயர அளவீட்டுச் சுற்று. கிளம்பிய உயரமே திரும்ப வந்தால்தான் சுற்று மூடியது என்று அர்த்தம். பிழைக்கு எங்கள் வரம்பு 12 மி.மீ. வந்த பிழை 30.

கருவிக்குப் பின்னால் உள்ள புள்ளியில் நிறுத்திய ஸ்டாஃபில் வாசிப்பது பேக் சைட், முன்னால் உள்ளதில் வாசிப்பது ஃபோர் சைட். பேக் சைட் கூட்டுத்தொகையில் ஃபோர் சைட் கூட்டுத்தொகையைக் கழித்தால், புத்தகத்தின் முதல், கடைசி உயரங்களின் வித்தியாசத்தோடு ஒத்துப்போனது. அது கூட்டல் கழித்தலைத்தான் சோதிக்கும், வாசிப்பு சரியா என்று சொல்லாது. அப்புறம் ஆட்டோ லெவலுக்கு (ஸ்டாஃபை மட்டமாகப் பார்த்து வாசிக்கும் தொலைநோக்கிக் கருவி) இரண்டு முளைச் சோதனை, அதாவது அதன் பார்வைக்கோடு மட்டமா என்ற சோதனை செய்தேன், கருவியில் குறை இல்லை. செங்குத்துப் பாதையிலேயே ஏறி அதிலேயே இறங்கிப் பார்த்தபோது பிழை ஏறக்குறைய பூஜ்யம். இதுதான் பல நாட்களைத் தின்றது.

கடைசியில் புத்தகத்தில் 2 மீட்டருக்கு மேற்பட்ட வாசிப்புகளுக்கு மட்டும் வட்டம் போட்டேன். எல்லாமே செங்குத்து ஏற்றத்தின் பேக் சைட், மொத்தம் ஐந்து.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் துண்டுகளாலான ஸ்டாஃபை நீட்டி, மூட்டின் இருபுறமும் 1.80, 2.20 மீட்டர் கோடுகளுக்கு இடையே ஸ்டீல் டேப் வைத்தேன். 400 இருக்க வேண்டிய இடத்தில் 394 மி.மீ. துண்டுகளைப் பூட்டும் பொத்தான் ‘டக்’ என்று வெளியே வந்து நிற்கிறது. ஆனால் அதன் துளை கீழ்ப்பக்கமாகத் தேய்ந்து நீண்டிருக்கிறது. மேல்துண்டு 6 மி.மீ. இறங்கியதால் வாசிப்பு அத்தனை கூடுதல். ஐந்து முறைக்கு 30. ஒரே பாதையில் திரும்பினால் அதே கூடுதல் ஃபோர் சைட்டிலும் விழுந்து கழிந்துவிடும்.

வேறு ஸ்டாஃபில் அதே சுற்று 4 மி.மீ.க்குள் மூடியது. இப்போது வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு மூட்டிலும் டேப் வைத்துப் பார்க்கிறோம்.