மூச்சைக் கவனிக்கும் பழக்கம்: வீட்டிலும் பேருந்திலும் மொட்டைமாடியிலும்

தியானத்துக்குத் தனி அறையும் ஒரு மணி நேர ஓய்வும் வேண்டும் என்று எண்ணிப் பலர் தொடங்காமலே இருந்துவிடுகிறார்கள். பௌத்தர்களின் சதிபட்டான சூத்திரம் மூச்சைக் கவனிப்பதற்குக் காட்டையும் மரத்தடியையும் ஆளில்லாத இடத்தையும் சொல்வது உண்மைதான். ஆனால் அதே சூத்திரம் சற்றுத் தள்ளி, நடக்கும்போதும் கையை மடக்கி நீட்டும்போதும் உண்ணும்போதும் உடுத்தும்போதும், மலசலம் கழிக்கும்போதும்கூட, செய்வதை அறிந்து செய்ய வேண்டும் என்கிறது. கடலூரில் குடியிருந்து புதுச்சேரியில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பகுதியே கைகொடுக்கிறது. பாலி மொழியில் இந்தக் கவனத்தின் பெயர் 'சதி'. தமிழில் அந்தச் சொல் படும் பாட்டை நினைத்தால், 'நற்கடைப்பிடி' என்று பெயர்த்தவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

முதலில் வீட்டில் பத்து நிமிடம் பழகுங்கள். பால்காரர் வருவதற்கு முந்தைய நேரம் நல்லது. மடித்த போர்வையின் மேலோ நாற்காலியிலோ முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் அதன் போக்கிலேயே விட்டுவிடுங்கள். பிராணாயாமம் பழகியவர்களுக்கு இதுதான் சிரமம். பர்மிய ஆசிரியர் மகாசி சயாடோ வயிறு எழுந்து தாழ்வதைக் கவனிக்கச் சொன்னார். விபாசனா ஆசிரியர் கோயங்காவின் வழியில் நாசித் துவாரத்தின் அருகே மூச்சு படுவதைக் கவனிக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் சரி, ஒன்றை எடுத்துக்கொண்டு சில வாரங்களாவது மாற்றாமல் இருங்கள்.

எந்த அளவுக்கு உற்றுக் கவனிப்பது என்பதற்குச் சூத்திரம் கடைசல்காரரை உவமை சொல்கிறது. தேர்ந்த கடைசல்காரர் நீளமாக இழுக்கும்போது நீளமாக இழுக்கிறோம் என்றும், குறுகலாக இழுக்கும்போது குறுகலாக இழுக்கிறோம் என்றும் அறிவதைப் போல, நெடிய மூச்சை நெடியது என்றும் குறுகிய மூச்சைக் குறுகியது என்றும் அறிந்தால் போதும். கடைசல் பட்டறையில் ஒரு கட்டில்கால் உருவாவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். உளி கட்டையைத் தொடும் இடத்தை விட்டு அவர் கண் நகராது, ஆனால் தோளில் விறைப்பும் இருக்காது.

மனம் ஓடத்தான் செய்யும். மின்கட்டணம், மகளின் தேர்வு, நேற்றைய வாக்குவாதம் என்று அது போய்விட்டதை உணர்ந்ததும் 'நினைப்பு' என்று உள்ளுக்குள் ஒருமுறை குறித்துக்கொண்டு, சலித்துக்கொள்ளாமல் மூச்சுக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் ஐம்பது முறை திரும்ப நேர்ந்தாலும் அது வீணான அமர்வு அன்று. இந்தத் திரும்புதலைத்தான் நாம் பழகிக்கொண்டிருக்கிறோம். மிகவும் அலைந்தால் மூச்சை எண்ணலாம். விசுத்திமக்கம் என்னும் நூல், ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மிகாமலும் எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கச் சொல்கிறது.

அடுத்தது பேருந்து. இடம் கிடைத்தால், கிருமாம்பாக்கத்திலிருந்து தவளக்குப்பம் வரைக்கும் மட்டும் என்று ஓர் எல்லை வைத்துக்கொண்டு, கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு மூச்சைக் கவனியுங்கள். ஏர்ஹாரன் அலறினால் அதை எதிரியாக்க வேண்டாம். 'கேட்கிறது' என்று குறித்தால் போதும். நின்றுகொண்டு போக நேர்ந்தால் உள்ளங்கால் தரையை அழுத்துவதும், கம்பியைப் பிடித்த கையின் இறுக்கமும் கவனத்துக்குரிய பொருளாகும். இருசக்கர வாகனம் ஓட்டுபவர்களுக்கு மூச்சு வேண்டாம், சாலையே போதும். இந்திரா காந்தி சிலை சிக்னலில் சிவப்பு விழுந்து நிற்கும்போது வேண்டுமானால் மூன்று மூச்சு பார்க்கலாம்.

நடைத் தியானத்துக்குப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையைப் பலர் பரிந்துரைப்பார்கள். மாலையில் அங்கே வண்டிகள் வராது என்றாலும், சுண்டல்காரரும் தெரிந்த முகங்களும் வருவார்கள். மொட்டைமாடியே மேல். பதினைந்து இருபது அடி நீளத்தில், வெறுங்காலோடு, வழக்கத்தைவிட மெதுவாகப் போய் வாருங்கள். தூக்குதல், நகர்த்துதல், வைத்தல் என்று ஒவ்வோர் அடியிலும் மூன்றைக் கவனியுங்கள். பகல் வெயிலின் சூடு இன்னும் தரையில் இருக்கும். தண்ணீர்த் தொட்டியின் பக்கம் வந்ததும் குதிகாலில் சட்டென்று ஈரம் படும். வேறெதையும் தேட வேண்டியதில்லை, அந்தச் சூடும் ஈரமும் தெரிந்தால் சரி. சாப்பாட்டில் முதல் மூன்று கவளங்களை இப்படி உண்டாலே ஆரம்பத்துக்குப் போதுமானது.

கண்ணை மூடி அமர்ந்தால் படபடப்போ பயமோ கூடுகிறவர்கள் உட்கார்ந்து பழகுவதை நிறுத்திவிட்டுக் கண் திறந்து நடக்கட்டும். நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் வரும் தொல்லை தூக்கம். புத்தரின் தலைமைச் சீடர்களில் ஒருவரான மொக்கல்லானர் உட்கார்ந்தபடி தூங்கி வழிந்தபோது புத்தர் அவருக்கு வரிசையாக வழிகளைச் சொன்னதாக அங்குத்தர நிகாயம் என்னும் பாலி நூல் தொகுப்பில் இருக்கிறது: காதுமடல்களை இழுத்துவிட்டுக் கைகால்களைத் தேய்த்துக்கொள், எழுந்து தண்ணீரால் கண்களைக் கழுவி விண்மீன்களைப் பார், முன்னும் பின்னுமாக நட. இத்தனையும் பலிக்காவிட்டால், விழித்ததும் எழுந்துவிடுவது என்று நினைத்துக்கொண்டு வலப்பக்கமாகப் படுத்துக்கொள் என்பதே கடைசி வழி.