பால் பிரித்த பன்றிக்குட்டிகளுக்கு மூலிகைக் கலவை: பிரிக்கும் நாளில் தொடங்காதீர்கள்

சென்ற ஐப்பசி மழையில், ஒரே ஈற்றில் பிறந்த ஒன்பது குட்டிகளில் மூன்றைக் கழிச்சலுக்குப் பறிகொடுத்தேன். மூன்றும் தாயிடமிருந்து பிரித்த ஐந்தாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் இடையில் போயின. அவற்றுக்கு நான் மூலிகைக் கலவை கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். பொருள்கள் சரி, அளவும் சரி, தொடங்கிய நாள்தான் தவறு. அதன்பின் மூன்று ஈற்றுகளில் ஒரு குட்டியும் கழிச்சலில் சாகவில்லை. இப்போது செய்யும் முறையை எழுதுகிறேன்.

கழிச்சல் வருவதற்கான காரணத்தை முதலில் பார்த்துவிடுவோம். தாய்ப்பால் குடிக்கும்வரை, பாலிலுள்ள சர்க்கரையைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகள் குட்டியின் இரைப்பையில் அமிலத்தைக் காத்துவருகின்றன. பால் நின்றதும் அந்த அமிலம் குறைகிறது. குட்டி தானாகச் சுரக்கும் அமிலமோ இன்னும் போதாது. புதுத் தீவனத்தைத் தொடாமல் ஒரு நாள் பட்டினி கிடந்தாலே குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற உறிஞ்சிகள் சுருங்கிவிடும். பிறகு பசி தாங்காமல் மூக்குமுட்டத் தின்னும். செரிக்காமல் தங்கியதில் ஈ.கோலை என்ற கழிச்சல் கிருமி பெருகுகிறது. ஆகவே அந்த முதல் இரண்டு நாள் குட்டி தின்றாக வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பத்து கிலோ குட்டித்தீவனத்துக்கு நான் சேர்ப்பவை: முருங்கை இலைத்தூள் 200 கிராம், உலர்ந்த பூண்டுத்தூள் 50 கிராம், ஓமத்தூள் 30 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம். மக்காச்சோளம், சோயாப் பிண்ணாக்கு, தவிடு, தாது உப்பு எல்லாம் வழக்கம்போலவே. முருங்கையில் புரதம் இருக்கிறதே என்று சோயாவைக் குறைத்துவிடாதீர்கள்.

பொருள்களைத் தயார் செய்தல்

முருங்கை இலையை நிழலில் காயவையுங்கள். கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும்; மடங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு அரைத்து மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண நஞ்சைத் தாங்கும் வலு குட்டியின் ஈரலுக்குக் கிடையாது. காம்புகளை உருவி எறிந்துவிடுங்கள்.

மஞ்சளைத் தூளாக வாங்காமல் விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் அரைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்தது. என்ன கலந்திருக்கிறது என்ற கவலை இல்லை. ஓமத்தைக் கலக்கும் அன்றைக்கு மட்டுமே பொடியுங்கள். அதன் பயன் தைமால் என்ற மணப்பொருள் உள்ள எண்ணெயில் இருக்கிறது. பொடித்து வைத்தால் அது பறந்துவிடும். எடைக்கு டிஜிட்டல் தராசு கட்டாயம் வேண்டும். கைப்பிடிக் கணக்கை நான் ஏற்கவே மாட்டேன்.

கலத்தல்

முந்நூறு கிராம் தூளை நேராகப் பத்து கிலோவில் கொட்டினால் ஒரு குட்டிக்கு ஓமம் மட்டும், இன்னொன்றுக்கு வெறும் சோளம் என்றுதான் போய்ச் சேரும். முதலில் தூளுக்குச் சம அளவு சோளமாவு சேர்த்துப் பிசறுங்கள். அந்தக் கலவைக்குச் சம அளவு மறுபடியும் சேருங்கள். இப்படி இரட்டிப்பாக்கிக்கொண்டே போய்க் கடைசியில் மொத்தத்தில் கலந்துவிடுங்கள். மூன்று இடங்களில் ஒவ்வொரு பிடி எடுத்து வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். ஒரு பிடியில் மஞ்சள் அடர்ந்தும் மற்றதில் வெளிறியும் தெரிந்தால் இன்னும் கலக்க வேண்டும்.

எப்போது தொடங்குவது

நான் இடறியது இங்கேதான். எங்கள் பண்ணையில் 42ஆம் நாள் குட்டியைப் பிரிக்கிறோம். அன்று காலைதான் முதன்முதலாகக் கலவையை வைத்தேன். தாயும் இல்லை, பாலும் இல்லை, தொட்டியில் பூண்டும் ஓமமுமாக அறியாத நெடி. குட்டிகள் முகர்ந்துவிட்டு மூலையில் போய் ஒண்டிக்கொண்டன. ஒன்றரை நாள் எதையும் தொடவில்லை. கழிச்சலைத் தடுக்க வைத்த கலவையே அவற்றைப் பட்டினி போட்டுவிட்டது.

சினையிலும் பால் கொடுக்கும்போதும் தாய் தின்னும் தீவனத்தின் மணம், பனிக்குடத்து நீர் வழியாகவும் பால் வழியாகவும் குட்டியை எட்டுகிறது. பிறகு அதே மணம் தீவனத்தில் வரும்போது குட்டி தயங்காமல் வாய் வைக்கும். இப்போது ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே தாய்ப்பன்றிக்கு நாளொன்றுக்கு 5 கிராம் ஓமத்தூளும் 10 கிராம் பூண்டுத்தூளும் தீவனத்தில் போடுகிறேன். பிறந்த 14ஆம் நாளிலிருந்து குட்டித்தீவனத்தில் மேலே சொன்னதில் பாதி அளவு. 35ஆம் நாளிலிருந்து முழு அளவு. பிரிக்கும் நாளில் குட்டிகளை அதே கொட்டிலில் விட்டுத் தாயை மட்டும் அப்புறப்படுத்துகிறேன். தீவனத்தில் அன்றைக்கு எந்த மாற்றமும் செய்வதில்லை. அடுத்த இரண்டு வாரம் அதே கலவையை நாளுக்கு நான்கு முறை, கொஞ்சம் கொஞ்சமாக வைக்கிறேன்.

கழிச்சல் தொடங்கிவிட்ட குட்டிக்கு இந்தக் கலவை மருந்தாகாது. உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கொடுத்துக்கொண்டே கால்நடை மருத்துவரை அழையுங்கள். கடையில் கேட்டு ஏதாவது ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் தூவ வேண்டாம். இறைச்சிக்கு வளர்க்கும் விலங்குகளுக்கு கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை இந்திய அரசு 2019இல் தடை செய்துவிட்டது.

பின்சேர்க்கை: முருங்கைக்குப் பதில் சூபாபுல் (சவுண்டல்) மர இலை போடலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். அதிலுள்ள மைமோசின் நஞ்சைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் ஆட்டின் வயிற்றில் இருக்கலாம். பன்றிக்கு அசைபோடும் வயிறே கிடையாது.

மீண்டும் ஒரு சேர்க்கை: முருங்கையில் இரும்புச்சத்து இருப்பதால் மூன்றாம் நாள் இரும்பு ஊசியை விட்டுவிட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். குட்டிகள் வெளிறிக் கிடக்கின்றனவாம். ஐயா, இன்றே மருத்துவரை வரவழையுங்கள். மூன்று நாள் குட்டி இலைத்தூளைத் தின்னாது. தாய்ப்பாலிலோ இரும்பு மிகக் குறைவு. அந்த ஊசிக்கு மாற்றாக எந்த இலையும் இல்லை.