அமெரிக்காவில் ஆவணமில்லாத பண்ணைத் தொழிலாளர்: குடியேற்ற நிவாரணத்துக்கு எங்கிருந்து தொடங்குவது

பண்ணைத் தொழிலாளருக்கென்று தனியாக ஒரு பொதுமன்னிப்புத் திட்டம் அமெரிக்காவில் இப்போது இல்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் 90 நாள் வயல்வேலை செய்தவர்களுக்கு அந்த வாய்ப்பைத் தந்தது. அதற்கு மனுப்போடும் கெடு 1988 நவம்பரோடு முடிந்தது. பண்ணைத் தொழிலாளருக்குச் சட்ட அந்தஸ்து தர 2019-லும் 2021-லும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய மசோதா செனட்டைத் தாண்டவில்லை. ஆகவே, "பண்ணை வேலைக்காரர் பர்மிட் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இருக்கிற வழிகள் எல்லாம் உங்களுக்கு நேர்ந்த கொடுமை, உங்கள் குடும்பம், இங்கே வாழ்ந்த ஆண்டுகள் இவற்றைப் பொறுத்தவை.

மனுப்போடும் முன் அரசிடம் உங்களைப் பற்றி என்ன பதிவு இருக்கிறது என்று பாருங்கள். எல்லையில் எப்போதாவது பிடிபட்டுக் கைரேகை கொடுத்திருந்தால் குடியேற்றத் துறை தரும் அடையாள எண்ணான ஏ நம்பர் உங்களுக்கு இருக்கக்கூடும். குடியேற்ற நீதிமன்றத்தின் 1-800-898-7180 என்ற எண்ணில் அதை அழுத்தினால் வழக்கு உண்டா, வெளியேற்ற உத்தரவு உண்டா என்று தெரியும். பழைய முகவரிக்குப் போன நோட்டீஸ் கைக்கு வராமல், ஆள் இல்லாமலே உத்தரவு பிறந்திருப்பது வயல் மாறி வயல் போகிறவர்களுக்குச் சாதாரணமாக நடக்கிறது. அது தெரியாமல் மனுப்போடுவது இருக்கும் இடத்தை நாமே காட்டிக்கொடுப்பதாகும். தகவலுரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் குடியேற்றக் கோப்பையும், எஃப்பிஐ-யிடமிருந்து குற்றப் பதிவையும் வக்கீல் மூலம் வரவழையுங்கள்.

ஆலோசனை சொல்ல உரிமை உள்ளவர்கள் இரண்டே வகை: வக்கீல்கள், மத்திய அரசின் நீதி அமைச்சகம் (Department of Justice) அங்கீகரித்த பிரதிநிதிகள். நோட்டரிக்கு அந்த உரிமை இல்லை. வக்கீலின் பெயரை மாநில பார் அமைப்பின் இணையதளத்தில் சரிபாருங்கள். அவரிடம் எதையும் மறைக்காதீர்கள், குறிப்பாக வேலையில் சேரும்போது நிரப்பும் ஐ-9 படிவத்தில் "அமெரிக்கக் குடிமகன்" என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தால். கங்காணி நிரப்பிக் கையெழுத்து வாங்கியதாக இருந்தாலும் சொல்லுங்கள். குடும்பம் வழியாக க்ரீன் கார்டு கேட்பவருக்கு அந்த ஒரு டிக் வாசலை நிரந்தரமாக அடைத்துவிடலாம். ஆனால் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான யு விசாவில் ஐ-192 மனு மூலம் அதற்கு விலக்குக் கேட்க முடியும்.

முதலில் ஆராய வேண்டியதும் யு விசாதான். அமெரிக்காவில் நடந்த குறிப்பிட்ட சில குற்றங்களால் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, விசாரணைக்கு உதவியவர்களுக்கு அது உண்டு. கூலி தராமல் ஏமாற்றியது மட்டும் போதாது. "புகார் கொடுத்தால் இமிக்ரேஷனுக்குப் போன் போடுவேன்" என்று மிரட்டியிருந்தால் நிலைமை மாறுகிறது: மிரட்டிப் பறித்தல், சாட்சியைக் கலைத்தல் போன்ற குற்றங்களில் அது அடங்கலாம். பாலியல் வன்கொடுமை, ஆயுதத்தால் தாக்குதல், அடைத்துவைத்தல், கட்டாய உழைப்பு ஆகியவையும் பட்டியலில் உள்ளன. சொன்ன வார்த்தைகளை அப்படியே, தேதி, இடம், உடனிருந்தவர் யார் என்பதோடு அன்றைக்கே எழுதிவையுங்கள்.

யு விசாவுக்கான ஐ-918 மனுவோடு, விசாரணைக்கு நீங்கள் உதவியதாக அதிகாரி தரும் சப்ளிமென்ட் பி என்ற சான்று கட்டாயம் வேண்டும். போலீஸ்தான் தர முடியும் என்று நினைத்துப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அரசு வழக்கறிஞர், நீதிபதி, தொழிலாளர் துறையின் கூலி மற்றும் வேலைநேரப் பிரிவு, சமவாய்ப்பு ஆணையம் ஆகியோரும் தரலாம். பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவுக்கும் 2023-ல் அந்த அதிகாரம் தரப்பட்டது. கலிபோர்னியாவில் சான்று கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். கையெழுத்தான நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போய்ச் சேராவிட்டால் சான்று செல்லாது. ஆகவே உங்கள் வாக்குமூலம், மருத்துவக் குறிப்பு, புகைப்படம், குடும்பத்தாரின் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டுக் கடைசியில் கையெழுத்துக் கேளுங்கள். ஐ-918-க்குக் கட்டணம் கிடையாது.

ஆண்டுக்கு 10,000 விசாதான் என்பதால் வரிசை பல ஆண்டு நீளம். 2021-ல் வந்த நடைமுறைப்படி, முதல்கட்டப் பரிசீலனையில் மனு நம்பகமானது என்று கண்டால் காத்திருக்கும் காலத்தில் வேலை அனுமதி தரலாம். விசா கிடைத்து 3 ஆண்டு ஆனபின் க்ரீன் கார்டுக்கு மனுப்போடலாம்.

பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்து, பயணக் கடனைக் காட்டி, ஓடினால் ஊரில் உள்ளவர்களை விடமாட்டேன் என்று மிரட்டி வேலை வாங்கினால் அது கொத்தடிமைத்தனம். அதற்கு டி விசா, படிவம் ஐ-914. இங்கே அதிகாரியின் சான்று இருந்தால் பலம், கட்டாயமில்லை. உங்கள் விரிவான வாக்குமூலமே அடிப்படை ஆதாரம்.

இடையறாத 10 ஆண்டு வாசமும், குடிமகனோ க்ரீன் கார்டு உள்ளவரோ ஆன துணைவர், பெற்றோர் அல்லது பிள்ளையும் இருந்தால் வெளியேற்ற ரத்து, அதாவது நாட்டைவிட்டு அனுப்பாமல் இங்கேயே வாழ நீதிபதி தரும் அனுமதி, கேட்கலாம். ஆனால் அது நீதிமன்றத்தில் வழக்கு இருப்பவருக்கு மட்டும். பிரிவால் அவர்களுக்கு வழக்கத்துக்கு மிக மிஞ்சிய துன்பம் நேரும் என்று நிரூபிப்பதுதான் கடினம். 2001 ஏப்ரல் 30-க்குள் உங்களுக்காக யாராவது குடியேற்ற மனுப்போட்டிருந்தால் அந்தத் தாளைத் தேடியெடுங்கள். 1,000 டாலர் அபராதத்தோடு நாட்டைவிட்டுப் போகாமலே க்ரீன் கார்டுக்கு முயல அது உதவலாம்.

வக்கீலைக் கேட்காமல் நாட்டைவிட்டுப் போகவே கூடாது. ஓராண்டு அல்லது அதற்கு மேல் அனுமதியின்றி இருந்தவர் வெளியேறினால் 10 ஆண்டுத் தடை விழும்.

சம்பளச் சீட்டு, முகாம் வாடகை ரசீது, பிள்ளைகளின் பள்ளிப் பதிவு எதையும் எறியாதீர்கள். ரொக்கக் கூலி என்றால் பண்ணைப் பெயர், பயிர், நாள், மணி, கூடைக் கணக்கை நோட்டில் எழுதுங்கள். சீசனுக்குச் சீசன் இடம் மாறுகிறவர்கள் நம்பகமான ஒரு தபால் முகவரியை வைத்துக்கொள்ளுங்கள். முகவரி மாறினால் நீதிமன்றத்துக்கு 5 நாளுக்குள்ளும், குடியேற்றத் துறைக்கு 10 நாளுக்குள்ளும் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டும். ஓரிடத்தில் சொன்னது மற்றோரிடத்துக்குப் போகாது.