மேற்கு வெயில் விழும் சன்னலுக்குப் பிரதிபலிப்பு பிலிம் ஒட்டலாமா?

குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பின்னால் பளபளப்பான அலுமினியத் தகட்டை வைப்பதுண்டு. வெப்பக்காப்பு இல்லாத வெளிச்சுவரை ஒட்டிய ரேடியேட்டராக இருந்தால் அதனால் ஓரளவு எரிபொருள் மிச்சமாகும். இரு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் என்றால் அந்தச் செலவு வீண். சிங்கப்பூரில் நாம் தடுக்க விரும்புவது உள்ளே வரும் வெப்பத்தைத்தான் என்றாலும், வெப்பம் கடக்கும் இடத்தில்தான் பிரதிபலிப்புப் பொருளுக்கு வேலை என்பது இங்கும் பொருந்தும்.

ஆகவே எந்தச் சன்னல் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இங்கு சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1 மணி வாக்கில். அதன்பின் ஏறக்குறைய 7 மணிவரை மேற்குச் சன்னல்கள் வெயிலை நேராக வாங்குகின்றன. வானம் தெளிந்த ஒரு நாளில் மாலை 4 மணிக்கு அறைக்குள் நின்று, வெயில் தரையில் எவ்வளவு தூரம் நீள்கிறது என்று பாருங்கள். எதிர் புளோக்கின் நிழல் விழும் கீழ்மாடி வீடுகளில் மேற்குச் சன்னலுக்குக்கூட பிலிம் தேவைப்படாமல் போகலாம்.

அடுத்தது கணக்கு. அந்த நேரத்தில் மேற்குப் பார்த்த கண்ணாடியில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 வாட் வெப்பம் விழுகிறது என்று கொள்வோம். 3 சதுர மீட்டர் சன்னலில் விழுவது 1,500 வாட். சாதாரணக் கண்ணாடி அதில் 1,200 வாட் அளவுக்கு உள்ளே விடும். படுக்கையறையில் பொருத்தும் 9,000 பிடியூ குளிரூட்டி வெளியேற்றக்கூடிய வெப்பமே ஏறத்தாழ 2,600 வாட்தான் என்பதால், மாலையில் அது ஏன் ஓயாமல் ஓடுகிறது என்பது விளங்கும். நல்ல பிலிம் இந்த 1,200 வாட்டைப் பாதியாகக் குறைத்தால், குளிரூட்டிக்கு மிச்சமாகும் மின்சாரம் 150 முதல் 200 வாட். நாளுக்கு மூன்று மணி நேரம், யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால், ஒரு நாளில் மிஞ்சுவது 13 காசு முதல் 18 காசுக்குள். மாதம் முழுக்க வெயில் அடித்தாலும் நான்கைந்து வெள்ளிதான். விற்பனையாளர் சொல்லும் விலையை இந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். மாலையில் எவரும் இல்லாத வீட்டில் அதுவும் மிஞ்சாது. என் கருத்தில் பிலிம் என்பது மாலை அனலின்றி அறையில் உட்காருவதற்காகச் செய்யும் செலவு. மின்கட்டணத்தைக் காட்டி அதை விற்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

செலவு குறைந்த வழியை முதலில் முயன்று பார்க்கலாம். வெண்மையான அல்லது வெள்ளிநிற முதுகுள்ள பிளைண்டைக் கண்ணாடிக்கு நெருக்கமாக மாட்டி, பளபளப்பான பக்கம் வெளியே பார்க்கும்படி, வெயில் வருவதற்கு முன்பே இறக்கிவிட வேண்டும். அடர்நிறத் திரை வெளிச்சத்தை மறைக்குமே தவிர, வெப்பத்தை உறிஞ்சி அறைக்குள்ளேயே விடும். சன்னலுக்கு வெளியே எதையும் தொங்கவிடக் கூடாது. அது கீழே விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

பிலிம்தான் வேண்டுமென்றால், விளம்பர அட்டையில் 'அகச்சிவப்புக் கதிரை 90 விழுக்காடு தடுக்கும்' என்பதைக் கண்டு முடிவெடுக்காதீர்கள். சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதிதான் அகச்சிவப்பு. தவிர, சில நிறுவனங்கள் அந்த எண்ணைக் குறுகிய அலைநீள வரம்பில் மட்டும் அளந்து தருகின்றன. கேட்க வேண்டியது மொத்தச் சூரிய ஆற்றலில் எத்தனை விழுக்காடு தடுக்கப்படுகிறது என்பதும், வெளிச்சம் எவ்வளவு உள்ளே வரும் என்பதுமே. கண்ணாடிபோல் மின்னும் பிலிம் பகலில் உள்ளிருப்பவரை மறைக்கும். இரவில் விளக்கைப் போட்டதும் நிலைமை தலைகீழாகி, எதிர்வீட்டாருக்கு நம் அறை தெரியும் என்பதால் திரையைக் கழற்றிவிடாதீர்கள். வெப்பத்தை அதிகம் உறிஞ்சும் பிலிம் சாதாரணக் கண்ணாடியில் விரிசலை உண்டாக்கலாம் என்பதால், உங்கள் கண்ணாடியின் வகையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கொண்டோமினியத்தில் நிர்வாகத்திடமும், வாடகை வீட்டில் உரிமையாளரிடமும் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

சுவருக்கு அலுமினியத் தாள் ஒட்டலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. பளபளப்பான பரப்புக்கு முன்னால் காற்றிடைவெளி இருந்தால்தான் அது வெப்பக் கதிர்வீச்சைத் தடுக்கும். சுவரோடு ஒட்டி அதன்மேல் சாயமும் பூசிவிட்டால் அந்தக் குணம் போய்விடும்.

மேற்குச் சன்னலில் ஒட்டுவதற்குக் காலை நேரமே ஏற்றது. வெயில் படும் கண்ணாடியில் சோப்பு நீர் உடனே காய்ந்துவிடும். கண்ணாடியின் உட்புறத்தைத் தூசியின்றித் துடைத்து, பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் கலந்த நீரைத் தாராளமாகத் தெளித்து, பிலிமைச் சட்டத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் விட்டு ஒட்டுங்கள். பின்னர் ரப்பர் வைப்பரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ளுங்கள். சன்னலை மூடியபடியே வேலை செய்யுங்கள். வெளியே சாயக் கூடாது. ஒட்டிய பிறகு தெரியும் மங்கலும் சிறு நீர்க்குமிழிகளும் சில வாரங்களில் காய்ந்து மறையும். அதுவரை அவற்றைக் குத்தவோ அழுத்தித் துடைக்கவோ வேண்டாம்.