‘பட்ட விரட்டி’யைக் கூடி உட்கார்ந்து படிப்பது எப்படி

குடியாத்தத்தில் ஒரு நெசவாளர் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் படிக்கிறோம். நான் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். பேரணாம்பட்டிலிருந்து பஸ் ஏறி வரும் உருது வீட்டுப் பெண்கள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், சுற்றுப்பட்டு கிராமங்களில் ஊரிலிருந்து வருகிறவர்கள், காலனியிலிருந்து வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பாய்தான். காலித் ஹொசைனி 2003இல் ஆங்கிலத்தில் எழுதி, ‘பட்ட விரட்டி’ என்று தமிழில் வந்த நாவலை இந்த மாதிரி ஒரு கூட்டத்தில் எப்படிப் படிக்கலாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆப்கானிஸ்தானின் காபூலில் ஒரு பணக்கார வீட்டுப் பையன் அமீர், அந்த வீட்டு வேலைக்காரர் அலியின் மகன் ஹசன், இந்த இருவரைச் சுற்றி நடக்கும் கதை அது.

முதலில், “இது இரண்டு பையன்களின் நட்பைப் பற்றிய கதை” என்று அறிமுகம் செய்யாதீர்கள். அப்படிச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் ஹசனின் விசுவாசத்தை நினைத்துக் கண்கலங்கி, அமீரைத் திட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அந்த வீட்டின் ஒரு காலை நேரத்திலிருந்து தொடங்குங்கள். அந்தப் பத்தியை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் யார் என்ன செய்கிறார்கள் என்று தாளில் இரண்டு பக்கமாக எழுதட்டும். ஹசன் விடியலில் எழுந்து அப்பா அலியோடு தொழுதுவிட்டான். மூன்று சர்க்கரைக் கட்டி போட்ட கறுப்புத் தேநீர், புளிப்புச் செர்ரி ஜாம் தடவிய நான் ரொட்டி, எல்லாம் மேசையில் தயார். அமீர் வீட்டுப்பாடத்தைப் பற்றிச் சலித்துக்கொண்டே சாப்பிடும்போது ஹசன் படுக்கையை மடிக்கிறான், ஷூ துடைக்கிறான், சட்டைக்கு இஸ்திரி போடுகிறான், புத்தகம் பென்சிலை எடுத்து வைக்கிறான். இஸ்திரி போடும்போது பழைய ஹசாராப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொள்கிறான். அமீர் காரில் பள்ளிக்குப் போகிறான். ஹசனுக்குப் பள்ளியே கிடையாது.

எங்கள் மாடியில் இதை வாசித்து முடித்ததும், பின்னால் உட்கார்ந்திருந்த பையன் கேட்டான்: “மிஸ், அவன் எப்ப சாப்ட்டான்?” எல்லோரும் பக்கத்தைப் புரட்டித் தேடினார்கள். அந்தப் பத்தியில் அதற்குப் பதில் இல்லை. இந்தக் கேள்வி உங்கள் கூட்டத்தில் தானாக வராவிட்டால் நீங்களே கேளுங்கள். அமீர் ஹசனுக்குச் செய்யும் துரோகம் நடப்பதற்கு எத்தனையோ பக்கம் முன்பே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து வரலாறு. நீட்ட வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் கூடாது. அமீர் ஆதிக்கத்தில் இருந்த பஷ்தூன் இனம், சுன்னி. ஹசன் ஒடுக்கப்பட்ட ஹசாரா இனம், ஷியா. 1890களில் ஆப்கன் மன்னர் அப்துர் ரஹ்மான் கான் ஆட்சியில் ஹசாராக்களின் எழுச்சியை நசுக்கி, நிலத்தைப் பிடுங்கி, பலரை அடிமைகளாக விற்றார்கள். அந்த அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1923இல். 1998 ஆகஸ்டில் மசார்-இ-ஷரீஃபில் தாலிபான்கள் ஹசாராக்களை வீடு வீடாகத் தேடிக் கொன்றார்கள். நாவலில் அமீருக்கு இந்தப் பழைய வரலாறு பாடப்புத்தகத்தில் கிடைப்பதில்லை. செத்துப்போன அம்மாவின் புத்தகங்களுக்கு நடுவில் இருந்த ஒரு பழைய நூலில்தான் கிடைக்கிறது. அதைக் கொண்டுபோய்க் காட்டினால் வாத்தியார் முகம் சுளிக்கிறார். நம் பாடப்புத்தகத்தில் என்னென்ன இல்லை என்று பேச இதைவிட நல்ல இடம் கிடையாது.

இந்த இடத்தில் யாராவது ஒருவர், “முஸ்லிமுக்குள்ளயே இப்படியா?” என்று கேட்பார். கேட்ட உடனே எல்லோர் கண்ணும் பேரணாம்பட்டுப் பெண்கள் பக்கம் திரும்பும். அவர்கள் காபூலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இல்லை. நீங்கள்தான் குறுக்கே புகுந்து பதில் சொல்ல வேண்டும். சாதிப் பேச்சு வரும்போது காலனிப் பிள்ளைகளுக்கும் இதே காவல் தேவை. “உனக்கு இப்படி நடந்திருக்கா, சொல்லு” என்று யாரையும் கேட்காதீர்கள். தானாகச் சொல்ல வந்தால் நடுவில் வெட்டாமல் கேளுங்கள். அன்றைக்குப் புத்தகம் காத்திருக்கட்டும்.

பட்டப் போட்டிப் பகுதிக்கு நீங்கள் எதுவுமே விளக்க வேண்டாம். நூலில் கண்ணாடித்தூளும் பசையும் பூசிக் காயவைப்பதும், விரல் அறுபடுவதும், டீல் போட்டு அறுப்பதும், அறுந்த காத்தாடியை மாடி மாடியாகத் தாவி ஓடிப் பிடிப்பதும் நம் தெருப் பிள்ளைகளுக்குத் தெரியாததா? கூட்டமே கலகலப்பாகிவிடும். கழுத்தை அறுக்கிற மாஞ்சா இங்கே தடைசெய்யப்பட்டது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அதற்கு அடுத்து வருவது 1975 குளிர்காலத்துச் சந்து. அமீருக்காக ஓடிப் பிடித்த நீலப் பட்டத்தை விடமாட்டேன் என்றதற்காக அங்கே ஹசன் பாலியல் வன்முறைக்கு ஆளாகிறான். அமீர் ஒளிந்து நின்று அதைப் பார்த்துவிட்டு ஓடிப்போகிறான். இந்தப் பகுதி வரப்போகிறது என்று ஒரு வாரம் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டாம். படிக்க விரும்பாதவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டட்டும். 2007இல் இந்த நாவல் சினிமாவாக வெளியானபோது, இந்தக் காட்சியால் நடித்த ஆப்கன் சிறுவர்களுக்கு ஆபத்து வரலாம் என்று அவர்களை ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் படத்தை வெளியிட்டார்கள். அவ்வளவு கனமான பகுதி அது.

குற்ற உணர்ச்சியைப் பேசும்போது “அமீர் ஏன் ஓடிப்போனான்?” என்று கேட்டால் “பயம்” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். “பேசாமல் இருந்ததால் அவனுக்கு என்ன கிடைத்தது?” என்று கேளுங்கள். பட்டம் கிடைத்தது. பட்டத்தோடு அப்பாவின் அணைப்பும் கிடைத்தது. அதற்கு ஹசன் கொடுத்த விலையை அவன் தெரிந்தேதான் வாங்கிக்கொண்டான். சந்தில் அந்தக் கொடுமையைச் செய்த அஸெஃப், அதற்கு முன்பே ஒரு நாள் அமீரையும் ஹசனையும் மிரட்டும் இடத்தையும் விடாதீர்கள். இவனைப் போய் நண்பன் என்கிறாயா என்று அஸெஃப் கேட்கும்போது, இவன் நண்பன் இல்லை, வேலைக்காரன் என்ற பதில் அமீரின் வாய்வரை வந்துவிடுகிறது. அந்த நினைப்பை அஸெஃப் அவனுக்குள் வைக்கவில்லை, அது அந்த வீட்டிலேயே வளர்ந்தது.

பிறகு, அமீர் ஹசனின் மெத்தைக்கடியில் கைக்கடிகாரத்தையும் பணத்தையும் ஒளித்துவைத்துத் திருட்டுப் பட்டம் கட்டுவது. உலகத்தில் ஒரே பாவம் திருட்டுதான் என்று அமீருக்குச் சொல்லித்தந்த அவன் அப்பா பாபாவின் முன்னால், செய்யாத திருட்டை ஹசன் ஒத்துக்கொள்கிறான். இங்கே ஒரு எழுத்துப் பயிற்சி கொடுங்கள். ஹசன் ஒத்துக்கொண்ட அந்த நிமிடத்தை அலியின் பார்வையில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கதையைப் பெரும்பகுதி அமீர்தான் சொல்கிறான், ஹசனின் சொந்தக் குரல் கடிதமாகக் கொஞ்சம்தான் வருகிறது. இந்தக் குறையை நாவலின் மேல் எனக்குள்ள வருத்தமாகவே பிள்ளைகளிடம் சொல்வேன்.

இரண்டாம் பாதியில் எனக்கு முக்கியமான கேள்வி ஒன்றுதான். ஹசனின் மகன் சோராபை அழைத்துவர காபூலுக்குப் போகச் சொல்லி பாபாவின் நண்பர் ரஹீம் கான் கேட்டபோது அமீர் முதலில் மறுக்கிறான். ஹசன் பாபாவின் மகன், உன் தம்பி என்று தெரிந்த பிறகுதான் புறப்படுகிறான். ரத்த உறவு இல்லாமல் இருந்திருந்தால் போயிருப்பானா? எங்கள் மாடியில் இருட்டும் வரை சண்டை. “போயிருக்கமாட்டான்னா, அவன் இன்னும் மாறவே இல்லன்னுதானே அர்த்தம்?” என்றாள் ஒரு பெண். நான் அவள் பக்கம்.

நம் ஊர்ப் பேச்சை அதற்கப்புறம் எடுங்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகும் வழி அடைபட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றுக்குள் இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லவேண்டாம். அன்றைக்கு இரவு வழியை அடைத்தவர்கள் வீட்டுப் பிள்ளை அப்பாவிடம் என்ன கேட்டிருக்கும், என்ன கேட்காமல் விட்டிருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். தாளில் பெயர் வேண்டாம். வாங்கி நீங்களே வாசியுங்கள்.

கடைசி அத்தியாயங்களுக்குத் தனியாக ஒரு ஞாயிறு ஒதுக்குங்கள். அனாதை இல்லத்துக்கு அனுப்பமாட்டேன் என்று கொடுத்த வாக்கிலிருந்து அமீர் பின்வாங்கியதும் சோராப் தற்கொலைக்கு முயல்கிறான். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கூட்டம் கலைந்த பிறகு ஒரு அரைமணி நேரம் மாடியிலேயே இருங்கள். தனியாகப் பேசவேண்டிய பிள்ளை அப்போதுதான் கிட்டே வரும்.