வீட்டுக் கதை எழுத, முதலில் பரணில் ஏறுங்கள்

வளர்ந்த கதையை எழுத உட்காருகிறவர்கள், "எனக்கு அப்போது பத்து வயது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பத்து வயசுப் பிள்ளைக்குத் தன் வயசு ஒரு சேதியே இல்லை.

பேனாவை வைத்துவிட்டு டிரங்குப் பெட்டியை இறக்குங்கள். டி.சி., பழைய ரேஷன் கார்டு, மொய் நோட்டு எல்லாம் வேண்டும். என் டி.சி.யில் பிறந்த தேதி ஜூன் 1. நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில் என்று ஆச்சி சத்தியம் செய்வாள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் வாத்தியார், எட்டியது. வயசு பற்றாததற்கு ஒரு தேதியைப் போட்டுச் சேர்த்துக்கொண்டார். 'நான் யார்' என்று பக்கம் பக்கமாகப் புலம்பியதை அடித்துவிட்டு இந்த இரண்டு தேதியை வைத்தேன்.

மொய் நோட்டை வரிவரியாகப் படியுங்கள். அக்கா கல்யாண நோட்டில் பெரிய அத்தை பெயரே இல்லை. கேட்டால் அம்மா அடுப்பைப் பார்ப்பாள். காரணத்தை நீங்கள் விளக்காதீர்கள். பிள்ளை கண்டது அடுப்பைப் பார்த்த அம்மாவை மட்டும்தான்.

காலத்தைச் சரிபாருங்கள். தமிழ்நாட்டில் முதல் பிளஸ் டூ பரீட்சை 1980இல். 1970இல் கல்லூரி வாசல் மிதிக்கும் சித்தப்பா கல்லூரியிலேயே நடந்த புகுமுக வகுப்பான பி.யூ.சி.தான் படித்திருப்பார்.

பெயர்களைக் கட்டாயம் மாற்றுங்கள். நான் மாற்றியும் பிரயோஜனமில்லை. ஒரு பத்தி வாசித்துக் காட்டியதுமே ஆச்சி கேட்டாள்: "ஏட்டி, இது நான்தானே?"