களஞ்சியம் திருப்பி அனுப்பிய கட்டுரை

ஆய்விதழில் வெளியான என் கட்டுரையின் பிடிஎஃப்பை அப்படியே, ஆய்வுகளை எல்லோரும் படிக்க இணையத்தில் சேர்த்து வைக்கும் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏற்றினேன். திரும்பி வந்துவிட்டது. பதிப்பாளர் வடிவமைத்த கோப்பைப் பொதுவில் வைக்க எனக்கு உரிமை இல்லையாம். எழுதியவளுக்கே இந்த நிலையா என்று மனசு வலித்தது.

நூலகர்தான் வழிகாட்டினார். எந்த இதழ் எந்தப் பிரதியைப் பொதுவில் வைக்க விடும் என்று காட்டும் தளம் ஓபன் பாலிசி ஃபைண்டர்; முன்பு ஷெர்பா ரோமியோ என்றிருந்தது. அதில் இதழின் பெயரைத் தட்டினோம். மதிப்பாய்வு முடிந்து ஏற்கப்பட்ட பிரதியை, வெளியாகி 12 மாதம் கழித்துத் திறந்து வைக்கலாம் என்றிருந்தது.

அந்தப் பிரதியைத் தேடுவதுதான் பெரும்பாடு. கணினியில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’, ‘ஃபைனல்_புதுசு’ என்று மூன்று கோப்புகள். கட்டுரை ஏற்கப்பட்டதாக வந்த மின்னஞ்சலைத் திறந்து, அதற்கு முன் கடைசியாக நான் அனுப்பிய இணைப்பைப் பிடித்தேன். அதுதான் சரியான பிரதி. ஓரத்தில் கிடந்த திருத்தக் குறிப்புகளை நீக்கி, வெளியான கட்டுரையை இணையத்தில் நிலையாக அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணை முதல் பக்கத்தில் சேர்த்தேன்.

ஏற்றும்போதே அந்த 12 மாதத் தடைக்காலம் முடியும் தேதியையும் கொடுத்துவிட்டேன். தலைப்பும் சுருக்கமும் உடனே தெரிந்தன. கோப்பு அந்தத் தேதியில் தானாகத் திறக்கும். தரவுகளைத் தனியாக செனோடோ என்ற திறந்த இணையக் களஞ்சியத்தில் போட்டேன். அதற்கும் ஒரு டிஓஐ கிடைத்தது. இரண்டையும், ஆய்வாளரை அடையாளம் காட்டும் என் 16 இலக்க ஆர்க்கிட் எண்ணோடு இணைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் ஏற்புக் கடிதம் வந்த அன்றே அந்தப் பிரதியைத் தனிக் கோப்புறையில் போட்டுவிடுகிறேன்.